வளைவில் ஹாரன் கேட்க வேண்டும்

கன்னங்குறிச்சி, சேலம்
3 பிப்ரவரி 2025

ஏனுங்க,

போன் செய்தால் எடுப்பதில்லை. முதலில் மணி அடித்துக்கொண்டாவது இருந்தது. இப்போது அணைத்தே வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம். தபால் ஆபீஸில் கவிப்பிரியா ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்து, "அம்மா, அப்பாவுக்கு லவ் லெட்டரா?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நான் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நாகலூர் முழுக்கப் பேச்சாக இருக்கும். கோபம் இல்லை. பயம். பொங்கல் கழிந்து நாம் மூவரும் உங்கள் முதலாளி இஸ்மாயில் பாய் வேனில் சேலத்துக்கு இறங்கினோமே, மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவில் பாதித் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. நான் கூப்பிட்டேன், மகள் கூப்பிட்டாள், நீங்கள் கண் சிமிட்டவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. கீழேயிருந்து வந்த பஸ் நம் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அதன் பிறகு உயிர் வந்தவராக, "கிளச் மாட்டிக்கிச்சு" என்றீர்கள்.

இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தவளிடம் கிளச் கதை சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் என்னை மலையிலிருந்து இறக்கியது. நவம்பர் மழையில் உங்கள் வண்டிக்கு முன்னால் பாறை விழுந்ததிலிருந்தே நீங்கள் சரியாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தீர்கள். நீங்கள் பாயிடம் உண்மையைச் சொல்கிற வரைக்கும் என் மகள் உங்கள் வண்டியில் ஏறமாட்டாள். காலேஜுக்கு இங்கிருந்தே போகட்டும்.

எனக்கும் தூக்கம் போய்விட்டது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அக்கா பொறுக்கமுடியாமல், தினமும் காலையில் பூங்காவில் நடக்கிற யோகா வகுப்புக்கு இழுத்துப் போகிறாள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக் கோலம் போடுகிற எனக்கு யோகா! முதல் நாள் காலை நீட்டி உட்கார்ந்ததற்கே தொடை பிடித்துக்கொண்டது.

சாப்பிடுங்கள்.

சுதாராணி

*

நாகலூர்
9 பிப்ரவரி

சுதாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. மாட்டியது கிளச்தான். வேண்டுமானால் மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்.

யோகா என்பது ரிசார்ட்டுக்கு வருகிற பெங்களூர்க்காரர்கள் புல்தரையில் ரப்பர் பாய் விரித்துச் செய்வது. அவர்களை ஏற்றி இறக்குகிற எனக்கு அது எதற்கு? நீ செய். உனக்கு முட்டி வலிக்காவது நல்லது.

பாயிடம் சொல் சொல் என்கிறாய். சொன்னால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதற்கப்புறம் நான் யார்? ஏற்காட்டில் டீக்கடை முதல் போலீஸ் வரைக்கும் என்னை 'டிரைவர் ஞானம்' என்றுதான் தெரியும். டிரைவர் போனால் மிச்சம் இருக்கிற ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போனை வேண்டுமென்று அணைக்கவில்லை. பாறை விழுந்த அன்று என் சட்டைப் பையில் மணி அடித்தது. நீதான் கூப்பிட்டாய், மழையாக இருக்கிறதே, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க. எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் வேகத்தைக் குறைத்தேன். குறைத்த இடத்துக்குச் சற்று முன்னால் அது வந்து விழுந்தது. ரோடு போய்விட்டது. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது எவன் போன் அடித்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

இதை யாரிடமும் சொல்லாதே. கவியிடம்கூட.

ஞானசுந்தரம்

*

கன்னங்குறிச்சி
14 பிப்ரவரி

ஏனுங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் போன்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதே போன்தான் உங்களை விரட்டுகிறது. இதற்கு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

கேலி செய்தாலும் பரவாயில்லை, ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வகுப்பு எடுக்கிற மேனகா டீச்சர் ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பிராமரி என்று பெயர். கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார வேண்டும். காதுகளைக் கட்டைவிரலால் பொத்திக்கொள்ள வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, வாயை மூடியபடியே தேனீ மாதிரி "ம்ம்ம்" என்று ரீங்காரம் விட்டுக்கொண்டே வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் வெட்கமாக இருந்தது. பத்துப் பதினைந்து பொம்பளைகள் பூங்காவில் உட்கார்ந்து முனகினால் எப்படி இருக்கும்! ஆனால் நம்புங்கள், தலைக்குள் இருக்கிற சத்தமெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்குள் அடங்கிவிடுகிறது. அன்றைக்கு நான் விடியும்வரை தூங்கினேன். கனவில்கூட வேன் வரவில்லை.

அதற்கு முன்னால் கை காலை நீட்டி மடக்குகிற சில ஆசனங்களும் உண்டு. கவி படம் வரைந்து தருகிறாள், தனிக் கவரில் அனுப்புகிறேன். காலையில் வெறும் வயிற்றில் செய்யுங்கள். நம் வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள், பூனையைத் தவிர?

நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் எனக்குக் குறைந்துபோய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு வண்டி ஓட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சுதா

*

நாகலூர்
2 மார்ச்

சுதாவுக்கு,

செய்தேன். பூனை ஓடிப்போய்விட்டது.

முதல் இரண்டு நாள் இருமல்தான் வந்தது. ஹான்ஸ் புகையிலை போடுகிற வாய்க்கு ரீங்காரம் எங்கே வரும்? அதனால் ஹான்ஸைக் குறைத்தேன். பிறகு காலையில் எழ வேண்டுமே என்று ராத்திரி எட்டு மணி டீயை நிறுத்தினேன். இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. குமட்டாமல் சாப்பிடுகிறேன். நேற்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வண்டியைக் குறுக்கே விட்டுவிட்டுக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் திட்டாமல் காத்திருந்தேன். அவரே பயந்துபோய், "ஏனுங்க ஞானம், உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

இனி உண்மையைச் சொல்கிறேன். கிளச் மாட்டவில்லை. ஒன்பதாம் வளைவு வரும்போது மூச்சு தொண்டையில் நின்றுவிடும். விரல்கள் என் விரல்கள் மாதிரி இருக்காது. மேலே பார்த்தால் எல்லாப் பாறையும் இப்போதே விழப்போகிற மாதிரி இருக்கும். நீங்கள் இருவரும் வண்டியில் இருந்த அன்று, நாம் மூவரும் செத்துவிட்டோம் என்றே நினைத்தேன். நீங்கள் கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

இப்போது அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். வளைவு வருகிறதென்று தெரிந்ததும் ரீங்காரத்தை ஆரம்பித்துவிடுகிறேன். காதைப் பொத்த முடியாது, கை ஸ்டியரிங்கில் இருக்கிறதே. ஏசிக்காக ஜன்னல் கண்ணாடியை ஏற்றியிருப்பதால் சத்தம் வண்டிக்குள் நன்றாகச் சுற்றி வருகிறது. நெஞ்சு அடங்குகிறது, கை சொன்னதைக் கேட்கிறது, திரும்பிவிடுகிறேன். டூரிஸ்ட்டுகள் நான் பாட்டு முனகுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மா, "டிரைவர் நல்ல மூடில் இருக்கிறார்" என்றார்.

ஆகவே பாயிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சனிக்கிழமைதோறும் ரயிலுக்கு ஆட்களை இறக்குகிறேன். வருகிற சனிக்கிழமையும் உண்டு. உன் தேனீக்கு நன்றி சொல்.

ஞானம்

*

அடிவாரம்
8 மார்ச், சனிக்கிழமை

ஏனுங்க,

மலை அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக வரும்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் வகுப்பு முடிந்ததும் மேனகா டீச்சரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலைங்க?" என்றார். சொன்னேன். "மலையிலயா ஓட்டறாரு? வளைவுல எதிர் வண்டி வர்றது எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார்.

ஹாரன் வைத்துத்தான் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

மலையில் வாழ்க்கைப்பட்டவள் நான். வளைவில் கண் பார்க்காது, காதுதான் பார்க்கும் என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? அந்தக் காதைப் பொத்துகிற பயிற்சியை நானே தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கண்ணாடியை வேறு ஏற்றிவிட்டு, உள்ளே ரீங்காரம் விட்டுக்கொண்டு இறங்குகிறீர்கள்.

உங்கள் போன் அணைந்திருக்கிறது. பாய் லாட்ஜுக்குப் பேசினேன், அவர் மகன் ஹாரிஸ் எடுத்தான். "அவரு அப்பவே கெளம்பிட்டாருங்க அக்கா" என்றான். பாயிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்று வைத்துவிட்டேன். கிளம்பிவிட்ட வண்டியை யார் நிறுத்துவது? பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டேன். இறங்குகிற வண்டி எதுவானாலும் இந்த வழியாகத்தானே வர வேண்டும்.

மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறேன். வெள்ளை வேன் ஒன்று வந்தது, நீங்கள் இல்லை. காய்கறி லாரி வந்தது. வழக்கமாக நீங்கள் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. டீக்கடைக்காரர், மேலே ஏதோ இடித்துக்கொண்டு டிராபிக் நிற்கிறது என்று யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். என்ன வண்டி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காத வரைக்கும் அது உங்கள் வண்டி இல்லை.

கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். இப்போதுதான் நீங்கள் இந்த வழியாகப் போனீர்கள்.

பார்த்தேன். கை காட்டினேன், நீங்கள் நேராகவே பார்த்துக்கொண்டு போனீர்கள். உங்கள் பக்கத்து சைடு மிர்ரர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் தொங்கியது.

உயிரோடு இருக்கிறீர்கள். இனி வண்டியில் அதைச் செய்யாதீர்கள். காலில் விழுகிறேன், செய்யாதீர்கள்.

சுதா

*

நாகலூர்
10 மார்ச்

சுதாவுக்கு,

அடிவாரத்தில் நீ நின்றது எனக்குத் தெரியாது. அன்று நான் யாரையும் பார்க்கவில்லை, ரோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

ஒன்பதாம் வளைவுதான். ரீங்காரம் விட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினேன். நிம்மதியாக என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பயம் துளிகூட இல்லை. திரும்பியதும் கண் முன்னால் முழுக்க பஸ். இடது பக்கம் ஒடித்தேன். தடுப்புச் சுவரில் டயர் உரசியது. பஸ் என் பக்கத்து சைடு மிர்ரரைப் பிடுங்கிக்கொண்டு போய் நின்றது. பின் சீட்டில் ஒரு குழந்தை அழுத சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

பஸ் ஓட்டியவன் நம் வாழவந்தி ஊர் சக்திவேல். இறங்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தான். "நானும் விட்டு விட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தேன். அண்ணா, உங்களுக்குக் காது கேக்கலீங்களா?" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆட்களை ரயிலில் ஏற்றிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து, பாய் மேஜையில் சாவியை வைத்தேன். பாறை, போன், உன் கடிதம், தேனீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஞானம், என்ற பேரப் பசங்களையும் நீதான கூட்டீட்டுப் போவே?" என்று மட்டும் கேட்டார். சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். லாட்ஜ் வாசலில் நின்று வண்டிகளை நிறுத்த இடம் காட்டும் வேலை கொடுத்திருக்கிறார்.

நீ கேட்டபடி உண்மையைச் சொல்லிவிட்டேன். சந்தோஷமா? உன் தேனீ என்னைக் கொன்றிருக்கும். அந்தக் குழந்தையையும் சேர்த்து. இனி அந்த யோகா பாயை விரிக்கமாட்டேன். எனக்கு இப்போது வளைவைக் கண்டு பயமில்லை. என்னைக் கண்டுதான் பயம்.

ஞானசுந்தரம்

*

கன்னங்குறிச்சி
16 மார்ச்

ஏனுங்க,

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் முழுக்கக் கண்ணை மூடினால் அந்தத் தொங்குகிற கம்பிதான் வருகிறது. நான் எழுதி அனுப்பியதுதான், என் பங்கு எனக்குத் தெரியும். ஆனால் காலையில் பாயில் செய்யச் சொன்னதை வண்டியில் ஏற்றியது நீங்கள். பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம்.

மேனகா டீச்சரிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மூச்ச அவரு மாத்திரை மாதிரி போட்டுக்கிட்டாருங்க. பயம் வர்றப்ப போட்டா பயம் தெரியாம போகும், ரோடும் தெரியாம போகும். காலையில பண்றது காலையிலயே இருக்கட்டும். தெனமும் பண்ணினா ஒடம்பு தானா கத்துக்கும். வண்டியில அவரு வண்டிய மட்டும் ஓட்டட்டும்" என்றார். முக்கியமாக, முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். யோகா, டாக்டருக்கு மாற்று இல்லையாம்.

என்னால் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாவியை நீங்களே கொண்டுபோய் வைத்தீர்கள். அன்றைக்கு மூச்சு நிற்காமல் பாயிடம் பேசியிருக்கிறீர்கள். அதற்கான தெம்பு எங்கிருந்து வந்ததென்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஆறு மணிக்குப் பாயை விரிக்கிறேன். நீங்களும் அதே நேரத்துக்கு அங்கே விரித்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சுதா

*

நாகலூர்
22 ஜூன்

சுதாவுக்கு,

மூன்று மாதமாக நீ எழுதியதற்கெல்லாம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள். சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. காலையில் பாயை விரித்தேன், சுருட்டினேன். அவ்வளவுதான்.

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு மலை முழுக்க வண்டி. நான் லாட்ஜ் வாசலில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். தெரிந்த டிரைவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள். அன்று அந்த யோகா பாயையே எரித்துவிடலாம் என்று இருந்தது. மறுநாள் விரிக்கத்தான் செய்தேன். நீ அங்கே விரித்திருப்பாயே.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. இதற்குப் பெயர் இருக்கிறதாம், வைத்தியம் இருக்கிறதாம், எத்தனையோ பேர் வருகிறார்களாம். அதைக் கேட்டதே பாதி மருந்து. மாத்திரை கொஞ்ச நாள் கொடுத்தார், இப்போது நிறுத்திவிட்டார். "காலைப் பயிற்சிய மட்டும் விட்ராதீங்க" என்றார். என் வாயில் இப்போது ஹான்ஸ் இல்லை. ரத்தக் கொதிப்பும் இறங்கியிருக்கிறது. போனை இயக்கிவிட்டேன். மணி அடித்தால் திடுக்கென்கிறது, ஆனாலும் எடுக்கிறேன். உனக்கு மட்டும் போன் செய்யவில்லை. குரலைக் கேட்டால் வந்துவிடு என்று கெஞ்சிவிடுவேனோ என்றுதான் எழுதுகிறேன்.

சக்திவேல் தன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்த்தி என்னை ஏற்றி இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஹாரனை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் பாய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். காலி வண்டி, பக்கத்தில் ஹாரிஸ். ஒன்பதாம் வளைவில் பயம் வந்தது சுதா. வராது என்று நினைத்திருந்தேன், வந்தது. விரல் வெளுத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ரீங்காரம் விடவில்லை. மூச்சு தானாக வயிற்றுக்கு இறங்கியது. கண்ணாடி திறந்திருந்தது. குரங்குச் சத்தம், கீழே எங்கோ பைக், அதற்கும் கீழே ஒரு ஹாரன், எல்லாம் கேட்டது. ஒதுங்கி நின்றேன். ஜீப் ஏறிப் போனது. பிறகு திரும்பினேன்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். பாயும் சரி என்றுவிட்டார். உன்னை வா என்று கூப்பிடும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுத் தெருமுனையில் வண்டியோடு நிற்பேன். வராவிட்டாலும் வருத்தப்படமாட்டேன். பஸ்ஸில் வந்தாலும் சரி.

ஞானம்

*

நாகலூர்
30 ஜூன்

ஏனுங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். கவி வாங்கிய லெட்டர்க் கட்டில் இதுதான் கடைசி. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி உங்கள் சீட்டில் வைக்கிறேன்.

நேற்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டு நான் தயங்கி நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காத மாதிரி இருந்தீர்கள். கவி முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். அடிவாரத்தில் அந்த டீக்கடையைத் தாண்டியதும் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதம் தினமும் யோகா செய்தவள் நான். உங்களுக்குப் புத்தி சொன்னவள். ஒன்பதாம் வளைவு வந்ததும் என்ன செய்தேன்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்னையறியாமல் ரீங்காரம் விட்டேன். நீங்கள் செய்த அதே தப்பு.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை. "சுதா, செத்த நிறுத்து கண்ணு. ஹாரன் கேக்கோணும்" என்றீர்கள்.

நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கவிக்கும் கேட்கவில்லையாம். நீங்கள் மட்டும் எதையோ கேட்டு வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, மரம் ஏற்றிய லாரி ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. நாம் திரும்பியிருந்தால் என்று கவி ஆரம்பித்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பயம் போய்விட்டதா என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டீர்கள். இதோ பதில். போகவில்லீங்க. அது போகும் என்று நான் இனி எதிர்பார்க்கவும் இல்லை. இன்றைக்கும் நீங்கள் வந்து சேருகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

கவி தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். டிபன் கட்டிவிட்டேன். இன்றைக்கு அவள் காலேஜுக்கு உங்கள் வண்டியில்தான் வருகிறாள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

சுதா